கடைசி ரீல் வரை உட்கார்ந்த ஊர்

லூர்துமேரிக்குக் கதை சொல்ல வராது. உப்பு வாரச் சொல்லுங்கள், இரண்டு ஆள் வேலையை ஒண்டியாகச் செய்வாள். சண்டைக்கு இழுத்துப் பாருங்கள், எதிராளி மூச்சு வாங்குகிற வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் ஆளை உட்கார வைத்துவிடுவாள். கதை என்று வந்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் உப்பளத்தில் கஞ்சி குடிக்கிற நேரத்தில் குப்பம்மாள் கேட்டாள். "ஏண்டி, உங்க சாமி கதைதான் இன்னா? ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

லூர்துமேரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பொறந்தாரு. நாலு பேருக்கு நல்லது செஞ்சாரு. சிலுவையில அடிச்சிட்டாங்க. மூணாம் நாளு எழுந்துட்டாரு."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள் குப்பம்மாள்.

அவள் கேலியாகக் கேட்கவில்லை. கேலியாகக் கேட்டிருந்தால் லூர்துமேரி திருப்பிக் கொடுத்திருப்பாள். உண்மையாகவே கேட்டதுதான் நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் அந்த ஊரின் கதைக்காக அவள் அழுத அழுகை கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து, திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தால் பதினெட்டு நாளும் சாக்கை விரித்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். துச்சாதனன் வேஷம் கட்டியவனோடு மறுநாள் அளத்தில் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். போரில் விழுந்தவர்களுக்காக அழுகிற படுகளத்தன்று ஊர்ப் பெண்களோடு சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பாள். ஊரில் மொத்தமே நாலு கிறிஸ்தவ வீடு. அந்த நாலு வீட்டின் கதையை மட்டும் யாரும் ஒருமுறைகூட உட்கார்ந்து கேட்டதில்லை.

இருபத்துநாலு வருஷம் உங்கள் கதைக்கு நான் அழுதாயிற்று, எங்கள் கதைக்கு நீங்கள் ஒரே ஒரு தடவை அழக் கூடாதா? அவளுடைய ஆசை அவ்வளவுதான். யாரையும் மதம் மாற்றுகிற எண்ணம் அவளுக்குக் கனவிலும் கிடையாது. குப்பம்மாள் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் முதலில் பயப்படப்போவது லூர்துமேரிதான். பூசை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாளே!

2005ஆம் வருஷம், வைகாசி மாதம். கடல் பொங்கி ஐந்து மாதம் ஆகியிருந்தது. குப்பம்மாளின் தங்கை அம்சவல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவள், திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் எதை வைத்து அழுவது என்று குப்பம்மாள் ஒப்பாரியே வைக்கவில்லை. அன்றிலிருந்து மீனைத் தொடுவதில்லை. அளத்தில் நிற்கும்போதுகூட கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உப்பு வாருவாள். சாவு விழுந்த வருஷம் என்று பாரதக் கூத்தையும் தள்ளிவைத்துவிட்டார்கள். ஊர் கதை இல்லாமல் காய்ந்து கிடந்தது.

அப்போதுதான் நிவாரணத் துணி கொடுக்க வந்த ஒரு குழுவிடம் ஏசு படம் போடுகிற ஜீப் இருப்பது லூர்துமேரிக்குத் தெரியவந்தது. அதை ஊருக்கு அழைத்துவர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அதற்குத் தனக்கோடி மேஸ்திரி சம்மதிக்க வேண்டும். அளத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்குவதும் அவர்தான், கோயில் திருவிழாவை நடத்துவதும் அவர்தான். கூத்தில் கட்டியங்காரன் வேஷமும் அவருக்குத்தான். ராசாவையும் கிண்டல் செய்து, கதையையும் ஜனங்களுக்கு விளக்கிச் சொல்கிற அந்த வேஷத்துக்கு அவரை விட்டால் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது.

"படம்னா சரிம்மா" என்றார் தனக்கோடி. "ஆனா சேலையக் குடுத்துட்டு அதுக்குள்ளாற ஏசு நோட்டீஸ மடிச்சி வெச்ச ஆளுங்கதானே அவுங்க? ஊருல எல்லாருக்கும் கோவம் இருக்குது. பேச்சு கூடாது. கையத் தூக்கு, கண்ண மூடுன்றது கூடாது."

"படம் மட்டுந்தாண்ணே."

"உப்பு மேல சொல்லு."

லூர்துமேரி பாத்தியிலிருந்து ஒரு பிடி உப்பை அள்ளி, உள்ளங்கையில் வைத்து, சொன்னாள். அந்தப் பிடி உப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள். வாக்கு நிறைவேறினால் அதைத் தண்ணீரில் கரைத்துவிடலாம். வாக்குத் தவறினால், பிறகு அளத்தில் ஒருவரும் அவள் கூடையைத் தூக்கிவிட மாட்டார்கள். உப்புக்கூடை தனியாளாகத் தலைக்கு ஏறாது, இன்னொருத்தி ஒரு கை கொடுக்க வேண்டும். கூடை தூக்கிவிட ஆளில்லாதவளுக்கு அந்த ஊரில் பிழைப்பு இல்லை.

சனிக்கிழமை பொழுது சாய ஜீப் வந்தது. குழுவின் தலைவர் பிரதர் ஜெபசீலன், தெற்கத்திக்காரர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மைக். நல்ல மனிதர்தான். சுனாமி சமயத்தில் முழங்கால் சேற்றில் நின்று அரிசி மூட்டை இறக்கியவர். ஆனால் மைக்கைக் கையில் வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுக்கத் தெரியாது. லூர்துமேரி நிபந்தனையைச் சொன்னபோது, "சரி சிஸ்டர், சரி சிஸ்டர்" என்று தலையாட்டினார். சின்னதாக நாலு வார்த்தை சொல்வதெல்லாம் பேச்சில் சேருமா என்ன என்பது அவர் நினைப்பு.

படம் ஓட்டுகிறவன் பெயர் சகாதேவன். அவன் இந்து. சம்பளத்துக்கு ஏசுவை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவன். பெயரைக் கேட்டதும் தனக்கோடி சிரித்துவிட்டார்.

"அம்மன் கோயிலு வாசலுக்குக் கடைசிப் புருசனே வந்துட்டான்யா. பாத்து, மரியாதையா ஓட்டு."

கூத்து நடக்கிற அதே களத்தில் வெள்ளைத் திரை கட்டினார்கள். ஊரே செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தது. சகாதேவன் நாலு ரீல் பெட்டியை அடுக்கிவைத்தான். "எல்லாம் சரியா இருக்குதாப்பா?" என்று லூர்துமேரி கேட்டதற்கு, "மூணு ரீல் சரியா இருக்குதுக்கா. நாலாவத நான் பாத்தே ரெண்டு மாசமாச்சி. எந்த ஊரு கடைசி வரைக்கும் உக்காந்துச்சி?" என்றான்.

முதல் ரீல் பாதி ஓடுவதற்குள் அவன் சொன்னது புரிந்துவிட்டது. திரையில் இருந்தவர்கள் பைபிள் தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினார்கள். யார் யாரென்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. ஆரோவில்லில் தோட்ட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி, "இன்னாடி, எங்க தொரைங்க மாதிரியே தாடி வெச்சினு இருக்காரு" என்றாள். அதற்கு மட்டும்தான் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் இரண்டு பாய் சுருண்டது. லூர்துமேரி அந்தப் பாய்களையே பார்த்தாள். நான் சொன்னாலும் கதை நிற்காது, படமாக வந்தாலும் நிற்காதா?

அந்த நேரத்தில் திரையில் கல்யாண வீடு, திராட்சை ரசம் தீர்ந்துபோய்விட்டது. தனக்கோடியால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை. முப்பது வருஷப் பழக்கம். எழுந்துபோய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஐயா ஜனங்களே! கல்யாண வூட்டுல பந்தி நடக்கையில சரக்கு தீந்துபோச்சி. மாப்ள மானம் போவப்போவுது. அதோ முக்காடு போட்டுனு நிக்கறாங்களே, அவுங்கதான் ஐயாவோட அம்மா. புள்ளைய ஏவுறாங்க. எந்தப் புள்ள அம்மா பேச்சத் தட்டுவான்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சுருட்டிய பாய் மறுபடி விரிந்தது. பிரதர் ஜெபசீலன் பதறிப்போய் லூர்துமேரியிடம் ஓடிவந்தார்.

"சிஸ்டர், பரிசுத்தமான படம். ஒரு கோமாளி நின்னு..."

"கோமாளி இல்ல பிரதர். கட்டியங்காரரு. அவரு வாயால சொன்னாத்தான் இங்க எந்தக் கதையும் உள்ள எறங்கும். நீங்க உக்காருங்க."

அதன்பிறகு படம் ஓடவில்லை, பறந்தது. குருடனுக்குக் கண் வந்தபோது கை தட்டினார்கள். வரி வசூலிப்பவன் மரத்தில் ஏறி உட்கார்ந்தபோது, "தாசில்தாரு ஆபீஸ் ஆளா?" என்று தனக்கோடி கேட்டதற்கு விசில் பறந்தது. லூர்துமேரி திரையைப் பார்க்கவேயில்லை. ஜனங்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ரீலில் படகு வந்தது. காற்று எழும்பியது, அலை எழும்பியது. களத்தில் சிரிப்பு நின்றது. தனக்கோடியும் வாயை மூடிக்கொண்டார். படகில் ஏசு தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்கள் உலுக்கி எழுப்ப, எழுந்து கையை நீட்டினார். கடல் அடங்கியது.

குப்பம்மாள் எழுந்து நின்றாள்.

"அன்னிக்கு எங்கய்யா போயிருந்த?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். "அன்னிக்கும் தூங்கினுதான் இருந்தியா? உன்ன எழுப்ப ஒரு நாதி இல்லியா?"

ஒருவரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. லூர்துமேரி அவள் தோளில் கை வைத்தாள். குப்பம்மாள் அதைத் தட்டிவிட்டாள். டிசம்பரிலிருந்து மாதா படத்துக்கு முன்னால் நின்று லூர்துமேரியும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் குப்பம்மாள் எழுந்து போய்விடவில்லை. உட்கார்ந்தாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது ரீலில் ஏசுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மரத்தைத் தோளில் ஏற்றினார்கள். "பெருமுக்கல் மலைக்கு வெறுங்கையோட ஏறினாலே நமக்கு மூச்சு வாங்குது" என்றார் தனக்கோடி, கேலி இல்லாமல். "அடிபட்ட ஒடம்போட அந்த மரத்தையும் தூக்கினு ஏறச் சொல்றானுங்களே!" ஆணி அடித்தார்கள். பெற்றவள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தலை தொங்கியது.

முதலில் ஒரு விசும்பல்தான் கேட்டது. பிறகு குப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள்.

"ஆணி அடிக்கையிலே, என் ராசா,
அம்மான்னு அழைச்சியோ?
அலை வாரிப் போகையிலே, என் பொறப்பே,
அக்கான்னு அழைச்சியோ?"

ஐந்து மாதமாக அடைத்துக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்து அழுதார்கள். லூர்துமேரி அந்த வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அவளுடைய சாமிக்காக ஊர் அழுதது. கேட்டது கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

டக்கென்று விளக்கு எரிந்தது. திரை வெளுத்துப்போனது. பிரதர் ஜெபசீலன் மைக்கோடு நடுவில் வந்து நின்றார்.

"பிரியமானவர்களே! இந்த நேரத்திலே உங்கள் உள்ளத்திலே..."

அது அவர்கள் வழக்கம். சிலுவைக் காட்சியோடு நிறுத்துவார்கள், ஜனங்கள் கலங்கியிருக்கும்போது பேசுவார்கள். பேசி முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் கலைந்துவிடும். இருக்கிறவர்களிடம் மூன்றாம் நாள் உயிர்த்ததை வாயால் சொல்லி ஜெபம் செய்துவிட்டு, மூட்டை கட்டுவார்கள். ஊர் ஊராக அப்படித்தான் நடந்தது. அந்தக் களத்தில் நடக்காது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

"யோவ்!" ஆண்கள் பக்கமிருந்து நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். தனக்கோடி கையமர்த்தினார். அவர் பார்வை லூர்துமேரியின் முந்தானை முடிச்சில் நின்றது.

லூர்துமேரி எழுந்தாள். போய் மைக்கைப் பிடித்தாள்.

"பிரதர், குடுங்க."

"சிஸ்டர், ரெண்டே நிமிஷம்..."

"இது படுகளம் நடக்கற எடம் பிரதர். இங்க களத்துல விழுந்தவங்க எழுந்துக்கற வரைக்கும் யாரும் வூட்டுக்குப் போவ மாட்டாங்க, யாரும் பேசவும் மாட்டாங்க. இது ஊரு கட்டு. பொணத்த நடுவுல போட்டுட்டுப் பேச்சு பேசினா ஊருக்கு ஆவாது. நான் உப்பு மேல சொல்லியிருக்கேன். மைக்கக் குடுங்க."

மைக் அவள் கைக்கு வந்தது. "சகாதேவா! அவர எழுப்புப்பா!" என்று அவள் கத்தியது ஒலிபெருக்கியில் அளம் வரைக்கும் கேட்டது.

சகாதேவன் அவசர அவசரமாக நாலாவது ரீலை மாட்டினான். விளக்கு அணைந்தது. விடியற்காலை, ஒரு குகை, மூன்று பெண்கள் நடந்து வந்தார்கள். வாயைத் திறந்தார்கள். தெலுங்கில் பேசினார்கள்.

களம் திகைத்துப்போனது. சகாதேவன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "ஆந்திரா டீமு பெட்டிக்கா! ஆபீசுல மாறிப்போச்சி! ரெண்டு மாசமா தெறக்கவே இல்ல, எப்டித் தெரியும்?"

எல்லாரும் தனக்கோடியைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். "எனக்குத் தெலுங்கும் தெரியாது, கதையும் தெரியாது. தெரிஞ்சவ கையிலதான் மைக் இருக்குது."

லூர்துமேரிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முன்னால் குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலைமயிர் அவிழ்ந்து, முகம் முழுக்கக் கண்ணீர். திரையில் அந்தப் பெண்கள் குகையை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

"விடியக்காலம்பர" என்றாள் லூர்துமேரி. "நாம அளத்துக்குப் போற நேரம். கோழிகூட சரியா கூவல. பொம்பளைங்க மூணு பேரு வாசனத் தைலத்த எடுத்துனு போறாங்க. ஆம்பளைங்க எங்கன்னு கேக்கறீங்களா? உள்ள தாழ்ப்பா போட்டுனு ஒக்காந்திருக்காங்க, பயத்துல!"

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில் அவள் நாக்கு அவிழ்ந்தது. இருபத்துநாலு வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் எங்கே போகும்? எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியும் என்பதுதான் இதுநாள் வரை தெரியாமல் இருந்தது.

"வழியெல்லாம் ஒரே கவல. வாசல்ல இருக்கற அந்தக் கல்ல யாரு நவுத்துவாங்க? கூடையத் தூக்கிவுடவே நமக்கு ஒரு ஆளு வேணும், அது யானக்கல்லு! போய்ப் பாக்கறாங்க..." நிறுத்தினாள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. "கல்லு நவுந்து கெடக்குது! உள்ள துணி இருக்குது, ஆளு இல்ல! எங்க அவரு? ஏம்மா, உசுரோட இருக்கறவர இங்க வந்து தேடறீங்களே, அவரு எழுந்துட்டாருன்னு தேவதூதன் சொல்றான். ஓடறாங்க, ஓடியாந்து ஆம்பளைங்ககிட்ட சொல்றாங்க. நம்பினானுங்களா?"

"எங்க நம்பினானுங்க!" என்று பத்துப் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

"அதான்! ஒருத்தனும் நம்பல! நம்பாத பசங்களுக்கு நடுவுல, பூட்டின கதவுக்குள்ள, அதோ பாருங்க, வந்து நிக்கறாரு பாருங்க! ஆணி அடிச்ச கையக் காட்டறாரு பாருங்க! எழுந்துட்டாரு!"

"கோவிந்தா!" என்று தனக்கோடி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"கோவிந்தா! கோவிந்தா!" களம் முழுக்க எழுந்து நின்றது. ஆண்கள் துண்டைச் சுழற்றினார்கள். யாரோ ஓடிப்போய்க் கோயில் மணியை அடித்தார்கள். பம்பைக்காரர் வீட்டுக்கு ஓடிப் பம்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பிரதர் ஜெபசீலன் முகம் வெளிறி நின்றார். "சிஸ்டர், கோவிந்தான்னு சொல்றாங்களே!"

"செத்தவரு எழுந்துட்டா இந்த ஊருல வேற எப்டி பிரதர் கத்துவாங்க?" லூர்துமேரி சிரித்தாள், அழுதாள், எது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. "சந்தோசத்துல கத்தறாங்க. கேளுங்க, நல்லா கேளுங்க!"

அவர் கேட்டார். கூட்டத்தைச் சுற்றிலும் பார்த்தார். எத்தனையோ ஊரில் படம் போட்டிருக்கிறார், கடைசி ரீலுக்கு ஒரு ஊர் எழுந்து நின்றதை அன்றுதான் பார்க்கிறார். மெதுவாகக் கையை உயர்த்தி அவரும் தட்ட ஆரம்பித்தார்.

ரீல் ஓடி முடிந்து சக்கரம் வெறுமனே சுற்றியது. தனக்கோடி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினார். லூர்துமேரி முடிச்சை அவிழ்த்து உப்பை அதில் போட்டாள். அது கரைகிற வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அவ்ளோதானாடி?" என்று பின்னால் ஒரு குரல்.

குப்பம்மாள்தான். அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை முடிந்துவிட்டதே என்ற ஏக்கத்தோடு கேட்டாள்.

"இல்லடி, இன்னும் இருக்குது. படத்துல அத உட்டுட்டாங்க" என்று லூர்துமேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மைக் இல்லாமல், அவளுக்கு மட்டும் சொன்னாள். "எழுந்தவரு அப்பால எங்க போனாரு தெரியுமா? கடலோரத்துக்குத்தான். ராத்திரி பூரா வலை போட்டும் ஒண்ணும் கெடைக்காம அந்த நம்பாத பசங்க விடியக்காலம்பர கரைக்கு வர்றாங்க. கரையில அவரு நெருப்பு மூட்டி, மீன் சுட்டுனு ஒக்காந்திருக்காரு. வாங்க, வந்து சாப்புடுங்கன்றாரு."

குப்பம்மாள் அவிழ்ந்து கிடந்த தலைமயிரை அள்ளி முடிந்தாள்.

"கடலோரத்துலயா?"

"கடலோரத்துலதான்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லூர்துமேரி வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது குப்பம்மாள் தெருவில் வந்து நின்றாள். குளித்து, தலை வாரி, இடுப்பில் மீன்கூடை வைத்திருந்தாள்.

"இன்னும் இன்னாடி பண்ற? படகு கரைக்கு வந்திருக்கும். வா, போயி மீன் வாங்கியாரலாம்."

லூர்துமேரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளோடு கிளம்பினாள்.